எடுத்துவைத்த சோறும் எஞ்சிய சோறும்

யூபிலி மலரில் எழுதப்படும் கட்டுரைகளுக்கென ஒரு மரபு உண்டு. தாபகர்களைப் போற்றுதலும், அதிபர் பரம்பரையை நினைவுகூர்தலும், அக்காலத்து ஆசிரியர்களின் பிரம்பையும் அன்பையும் ஒருங்கே வியத்தலும் அம்மரபின் பாற்பட்டன. அவற்றைச் செய்வதற்கு எம்மினும் தகுதி வாய்ந்தோர் பலர் இம்மலரில் எழுதியிருப்பர். மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரை கேட்டபொழுது எம் மனக்கண்முன் வந்து நின்றது பிரார்த்தனை மண்டபமுமன்று, விளையாட்டு மைதானமுமன்று. சென்ற முறை நடைபெற்ற பழைய மாணவர் ஒன்றுகூடலின் மறுநாட் காலையில், விடுதிச் சமையற்கட்டின் பின்னே முருங்கை மரத்தடியில் வெட்டப்பட்ட ஒரு குழியே நின்றது. குழியைப் பற்றி எழுதுதல் விழாவிற்கு ஒவ்வாதென்று கருதுவோர் எம்மைப் பொறுத்தருளல் வேண்டும். அதனை வெட்டுவித்தோருள் நாமும் ஒருவராதலின் எழுதாதிருக்க இயலவில்லை.

நடந்தது இதுதான். ஒன்றுகூடலுக்கு 600 பேர் வருவரென மதிப்பிட்டு, அத்தனை பேருக்கும் உரிய மதிய போசனத்தைச் சமையல் ஒப்பந்தகாரர் ஒருவரிடம் ஒப்படைத்தோம். இக்காலத்தில் எல்லாரும் 'கேற்றரிங்' என்று சொல்லும் முறை இது. வந்தோர் ஏறத்தாழ 400 பேர். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பூசணிக்காய்க் கறி, வாழைக்காய்ப் பொரியல், பச்சடி, அப்பளம், வடை, பாயசம், மோர் என்று எதிலும் குறைவில்லை. யாவும் விடியுமுன்னரே ஒப்பந்தகாரரின் சமையற்கூடத்தில் ஆக்கப்பட்டுக் காலை 10 மணிக்கு வாகனத்தில் வந்திறங்கின. பேச்சாளர்களோ தத்தமக்கு ஒதுக்கப்பட்ட ஐந்து நிமிடத்தை இருபதாக நீட்டினர். (அவர்களுள் நாமும் ஒருவர்.) முதற் பந்தி இருந்தபோது பிற்பகல் ஒன்றே முக்கால் ஆயிற்று. மூன்றரை மணிக்குப் பார்க்கின், இரண்டு கிடாரத்துச் சோறு கைபடாமலே கிடந்தது, கறிகளும் அவ்வாறே.

"வீணாக்கக் கூடாது, எங்காவது கொடுத்துவிடுங்கள்" என்றனர் பலர். சொல்லிவிட்டுத் தாம்பூலம் தரித்துக்கொண்டு வீடு சென்றனர். எஞ்சிய நால்வர் தொலைபேசியை எடுத்தோம். முதலில் அழைத்த சிறுவர் இல்லத்தில், வெளிநாட்டிலுள்ள அன்பர் ஒருவர் தம் மகனின் பிறந்தநாளுக்காக அன்றைய மதிய உணவையும் இரவுணவையும் பொறுப்பேற்றிருந்தமையால் இடமில்லை என்றனர். அடுத்து அழைத்த முதியோர் இல்லத்தின் பொறுப்பாளர், அம்மையார் ஒருவர், ஒரேயொரு கேள்வி கேட்டார்: "எத்தனை மணிக்குச் சமைத்தது?" விடியற்காலையில் என்றோம். சற்றே மௌனமாயிருந்தார். பின்னர், "மன்னிக்க வேண்டும் ஐயா, இங்கிருப்பவர்கள் வயதானவர்கள், எங்களால் ஏற்க இயலாது" என்றார். எமக்கு அப்பொழுது சிறிது கோபமும் வந்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அவர் செய்தது முற்றிலும் சரியே. அதற்குரிய காரணத்தைப் பின்னர்க் கூறுவாம். மாலையிற் பால்கறி புளித்தது. மறுநாட் காலை குழி வெட்டினோம். வெட்டிய முதியவர் கிடாரத்தைச் சரிக்குமுன் மண்வெட்டியை ஊன்றி நின்றுகொண்டு, "ஐயா, இது எத்தினை பேற்றை சாப்பாடு?" என்று கேட்டார். நால்வரும் மறுமொழி சொன்னோமில்லை.

அந்த மௌனத்திற்குக் காரணம் இருந்தது. நாம் பசியை ஏட்டில் மாத்திரம் படித்த சமூகத்தவர் அல்லோம். 1970களின் முற்பகுதியில் உணவுச்சாலைகளிலே வாரத்திற் சில நாட்கள் சோறு பரிமாறுதல் தடைசெய்யப்பட்டிருந்ததையும், மரவள்ளிக் கிழங்கு காலையுணவாயும் மதிய உணவாயும் விளங்கியதையும் எம் வயதினர் அறிவர். 1990க்குப் பின்னர் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையின்கீழ், மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் அரும்பொருளாயிருந்த ஆண்டுகளில் இக்கல்லூரியிற் கற்றோர் இன்று நடுவயதினர். ஒடியற் கூழின் அருமை அவர்களுக்குத் தெரியும். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்திலிருந்து தென்மராட்சி நோக்கி மழையில் நடந்தோரும் இம்மலரைப் படிப்பர். பாடசாலை மண்டபங்களில் அந்நாட்களிற் பகிரப்பட்ட சோற்றை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். 2009ஆம் ஆண்டு வன்னியின் கரையோரத்தில் அரிசியும் நீரும் உப்புமாய்க் காய்ச்சிய கஞ்சியைக் குடித்து உயிர் பிழைத்தோரின் பிள்ளைகள் எமது வகுப்பறைகளிலும் இருந்தனர். அதன்பின்னரும் பசி நம்மை விட்டகலவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. அவ்வாண்டு இந்நாட்டில் 63 இலட்சம் மக்கள் போதிய உணவு கிடைக்கும் உறுதியின்றி இருந்தனரென ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பும் உலக உணவுத் திட்டமும் மதிப்பிட்டன. இத்தகைய வரலாறுடைய நாம் 200 பேரின் சோற்றை மண்ணிலிட்டு மூடினோம்.

உலகெங்கும் இவ்வாறே என்று ஆறுதல் கூறுவோரும் உளர். உண்மைதான். 2022ஆம் ஆண்டில் உலகில் வீணான உணவு ஏறத்தாழ 105 கோடி தொன் என்றும், அதில் 29 கோடி தொன் உணவுச்சாலைகள், விருந்துகள் முதலான உணவுச் சேவைகளின் பாற்பட்டதென்றும் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் கணக்கிட்டுள்ளது. அழுகும் உணவிலிருந்து எழும் மெதேன் வாயு வளிமண்டலத்தை வெப்பமாக்குவதும் இன்று மாணவர் யாவரும் அறிந்ததே. ஆயினும் பிறர் வீட்டுக் குழி பெரிதாயிருத்தல் நம் வீட்டுக் குழியைச் சிறிதாக்காது.

எதனால் இவ்வளவு எஞ்சுகின்றது? கை தாராளமுடையோர் என்று நம்மை நாமே புகழ்ந்துகொள்வது வழக்கம். சற்றே ஆராயின் அது தாராளமன்று, அச்சம் என்பது புலப்படும். "இன்னார் வீட்டுக் கலியாணத்தில் சோறு காணாமற் போயிற்று" என்ற ஒரு சொல், ஊரில் மூன்று தலைமுறைக்கு நிற்கும். சோறு மிகுந்ததென்றோ ஒருவரும் பழிப்பதில்லை; அது பெருமையாகவும் கருதப்படும். ஆகவே வீட்டுக்காரர் தம் மதிப்பீட்டின்மேல் ஐம்பது கூட்டுகின்றார். ஒப்பந்தகாரர் தம் பெயரைக் காக்க அதன்மேற் சிறிது கூட்டுகின்றார். மைத்துனர் வந்து, "எதற்கும் இன்னொரு ஐம்பது சொல்லிவையுங்கள்" என்கின்றார். வருவோரோ வேறு கணக்குடையர். நல்ல முகூர்த்த நாளொன்றில் ஒரே குடும்பத்திற்கு நான்கு அழைப்பிதழ்கள் வருகின்றன. தாலிகட்டுக்கு ஓரிடம், அறுகரிசிக்கு ஓரிடம், சாப்பாட்டிற்கு ஓரிடம் என்று ஓடுகின்றனர். நான்கு வீடுகளில் இலை போடப்படுகின்றது. ஓர் இலையிலேயே உண்ணப்படுகின்றது. அழைப்பிதழிற் கண்டவுடன், "வருவேன்" அல்லது "வர இயலாது" என்று அறிவிக்கும் பழக்கம் நம்மவரிடை வேரூன்றவேயில்லை. அறிவிக்கும்படி கேட்பதே மரியாதைக் குறைவென்று எண்ணுவோர் உளர்.

முற்காலத்திலும் மக்கள் அறிவித்து வந்தாரல்லர். எனினும் இவ்வளவு எஞ்சியதில்லை. ஏனெனில் அக்காலத்திற் சமையல் நடந்தது பந்தலுக்குப் பின்னால். கிடுகுக் கொட்டிலில் மூன்று கல் அடுப்புகள் எரிந்துகொண்டிருக்கும். தலைமைச் சமையற்காரர் அவ்வப்போது வெளியே வந்து, முற்றத்தில் நிற்கும் சனத்தைக் கண்ணாலளந்துவிட்டு உள்ளே போய், "இன்னும் ஒரு உலை வையுங்கள்" என்பார். அல்லது, "போதும், அரிசியைக் கழுவ வேண்டாம்" என்பார். உலையிலிடாத அரிசி நாளைக்கும் அரிசியே. இன்று சமையல் நடப்பது பத்து மைல் தொலைவில். நடக்கும் நேரம் பின்னிரவு. சனத்தைக் காணுமுன்னரே முழுவதும் வெந்துவிடுகின்றது. வசதி என்னும் பெயரால் நாம் இழந்தது அந்தச் சமையற்காரரின் கண்ணை.

'புபே' முறை வந்தபின்னர் வீண் குறையுமென்று எதிர்பார்த்தோம். அவரவர் வேண்டிய அளவு எடுக்கலாமன்றோ? இலையில் விடப்படுவது ஓரளவு குறைந்ததென்றே சொல்ல வேண்டும். ஆயினும் கடைசியாக வரும் விருந்தினருக்கும் எல்லாப் பாத்திரங்களும் நிறைந்திருக்க வேண்டுமென்பது அம்முறையின் எழுதாச் சட்டம். கடைசி விருந்தினர் போனபின் அந்த நிறைந்த பாத்திரங்கள் அப்படியே நிற்கின்றன. திறந்து, பலர் கரண்டியிட்டுக் கலந்து, ஆறிப்போய். அவற்றைப் பிறருக்குக் கொடுத்தலும் இயலாது. பந்தி முறையிலோ, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று இலைமேற் கைகுவித்துத் தடுப்பவரையும் மீறி இட்டுவிடும் நமது உபசாரம் இருக்கின்றது. அவ்வாறு இட்டதை உண்ணாது எழுவோரைக் குறைகூற எமக்கு மனம் வருவதில்லை.

இனி, அம்மையாரின் கேள்விக்கு வருவாம். மிஞ்சியதைக் கொடுத்துவிடின் கணக்குச் சரியாகிவிடுமென்று நம்மிற் பலர் நம்புகின்றனர். சோற்றைப் பற்றிய ஒரு செய்தி இவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அரிசியில் இயல்பாகவே காணப்படும் பசிலஸ் சீரியஸ் என்னும் பற்றீரியாவின் வித்திகள் கொதிக்கும் உலையிலும் சாவதில்லை. வெந்த சோறு இளஞ்சூட்டில் மணிக்கணக்காக நிற்குமாயின் அவை முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. வாந்தியை உண்டாக்கும் அந்நஞ்சு, சோற்றை மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. சமைத்த உணவு 60 பாகை செல்சியசுக்கு மேலான சூட்டில் இருத்தல் வேண்டும். அன்றேல் விரைவிற் குளிர்விக்கப்பட்டு 5 பாகைக்குக் கீழே வைக்கப்படல் வேண்டும். இடைப்பட்ட வெம்மையே ஆபத்தானது. யாழ்ப்பாணத்து மதியப் பொழுது முழுவதும் அந்த இடைப்பட்ட வெம்மைதான். அதன்மேல், தேங்காய்ப் பால் விட்ட கறிகள் எவ்வளவு விரைவிற் பழுதடையுமென்பதை நமது வீட்டுப் பெண்களிடம் கேட்டறியலாம். விஞ்ஞான கூடம் வேண்டியதில்லை. விடியலிற் சமைத்துப் பிற்பகல் மூன்றரை மணிக்குக் கொடுக்க முன்வந்த உணவை, எதிர்ப்புச் சக்தி குன்றிய முதியோருக்கு வேண்டாமென்று அந்த அம்மையார் மறுத்தது கடமையுணர்ச்சியன்றி வேறன்று. நமக்கு ஒவ்வாததைப் பிறர் வயிற்றில் இட்டுவிட்டுத் தருமம் செய்தோமென்று உறங்கப் புறப்பட்டவர்கள் நாமே.

இதிற் சுகாதாரத்திற்கு அப்பாற்பட்ட ஒன்றும் இருக்கின்றது. அதனை எழுதுதல் கடினம். எழுதாது விடுதலோ நேர்மையன்று. பழைய நாட்களிலும் எஞ்சிய சோறு வீணாகவில்லை என்றோமே, அது போனவிடம் எது? நமது மூதாதையர் வீட்டு விருந்துகளில், சாதியின் பெயராற் பந்தியில் இருத்தப்படாத மக்கள் பின்வளவில் வேலியோரமாய்க் காத்திருந்தனர். பந்தலுக்குக் கிடுகு பின்னியவரும், விறகு கொத்தியவரும், துணி வெளுத்தவரும் அவர்களுள் இருந்தனர். எல்லாப் பந்திகளும் முடிந்தபின், அவர்கள் கொண்டுவந்த பாத்திரங்களில் எஞ்சியது இடப்பட்டது. அச்சோறும் நல்ல சோறுதான். ஆயினும் அதனை அவர்கள் எவ்வாறு உண்டிருப்பர் என்பதை எண்ணிப் பார்த்தோர் அக்காலத்திற் சிலரே. 1924ஆம் ஆண்டு தோன்றிய இயக்கம் பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்று பெயர்பெற்றது. சமாசனம், சமபோசனம் என்று பேசிய அவ்விளைஞர்கள் ஊராரின் ஏச்சையும் பகையையும் தாங்கினர். அவ்வியக்கத்தின் முன்னணியில் நின்ற ஹண்டி பேரின்பநாயகம் பிற்காலத்தில் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்தவர் என்பதை இந்துக் கல்லூரி மாணவர் மறத்தலாகாது. ஒரே வேளையில், ஒரே பந்தியில் என்பதே அவர்கள் வேண்டியது. இன்று நாம் பழைய வேலியைப் பிடுங்கிவிட்டு, அதேயிடத்தில் தொலைபேசியை வைத்திருக்கின்றோம். எல்லாரும் உண்டு முடிந்தபின், "மிச்சம் இருக்கிறது, வந்து எடுக்கிறீர்களா?" என்று கேட்கும் குரல், அன்றைய பின்வளவுக் குரலினின்றும் எவ்வளவு வேறானது? மனமறியச் சொல்லுங்கள்.

ஆகவே எமது கருத்து இது: மிச்சத்தைக் கொடுப்பது எப்படி என்பது நாம் கேட்கவேண்டிய இரண்டாவது கேள்வி. முதற் கேள்வி, மிச்சமாகுமுன் எடுத்துவைப்பது எப்படி என்பதே.

எடுத்துவைத்தல் நமக்குப் புதியதன்று. பிடியரிசி என்னும் சொல்லை இன்றைய மாணவர் கேட்டிருக்க மாட்டார்கள். வீட்டுப் பெண் உலையிலிட அரிசியை அளக்கும்பொழுது, அதில் ஒரு பிடியை எடுத்து வேறொரு முட்டியில் இடுவாள். குறித்த நாளில் அதனைச் சேர்ப்போர் வந்து பெற்றுச் செல்வர். அது பொதுத் தருமத்திற்கு உரியது. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் 1848இல் தொடக்கிய சைவப்பிரகாச வித்தியாசாலையின் செலவுக்குப் பிடியரிசி உதவிற்று. பின்னர் எழுந்த சைவப் பாடசாலைகள் பலவும் அவ்வாறே வளர்ந்தன. இந்துக் கல்லூரிகள் யாவும் அப்பெரு முயற்சியின் வழித்தோன்றல்கள் அன்றோ? அந்தப் பிடி, குடும்பம் உண்டபின் மிஞ்சியதிலிருந்து எடுக்கப்பட்டதன்று, உலையேறுமுன் எடுக்கப்பட்டது. அன்று வீட்டிற் சோறு குறையின் குறைந்தது வீட்டாருக்கே. 1877ஆம் ஆண்டையடுத்து யாழ்ப்பாணத்திற் பஞ்சம் தலைவிரித்தபொழுது நாவலர் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தியதும் இந்த மரபின் தொடர்ச்சியே. பசித்தோருக்கென்றே அடுப்பு மூட்டிக் காய்ச்சிய கஞ்சி அது. ஒருவருடைய விருந்தின் கடைசிப் பாத்திரத்திலிருந்து வழித்ததன்று.

மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரன் கதையும் இவ்விடத்தில் நினைவிற்கு வருகின்றது. எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி அவனிடம் இருந்தது. நாட்டில் மழை பெய்து வளம் பெருகவே உண்பார் எவருமின்றி வெறும் பாத்திரத்தோடு அலைந்தான். சாவக நாட்டில் வற்கடம் என்று கேள்வியுற்றுக் கப்பலேறினான். இடையிலே மணிபல்லவத் தீவிற் தனியே விடப்பட்டான். அங்கே உண்பிக்க ஒருவருமில்லை. தன் வயிற்றை மாத்திரம் நிரப்ப அப்பாத்திரத்தைப் பயன்படுத்த மனமில்லாது, அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தான். மணிபல்லவம் நமது நயினாதீவே என்று கொள்வோர் பலர். அதனை ஆராய்ச்சியாளருக்கு விடுவோம். உண்பார் இல்லாத உணவு ஒருவனைச் சாகுமளவிற்கு வருத்திற்று என்று எழுதிய மொழியைப் பேசுவோர் நாம் என்பதே எம்மை உறுத்துகின்றது. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் இன்றைக்கும் அன்னதானம் நடைபெறுகின்றது. அன்னதானக் கந்தன் என்றே அப்பெருமானை அழைக்கின்றோம். அங்குள்ள மடங்களில் உண்ணுவோரை ஒருவரும் எஞ்சியதை உண்ணவந்தோர் என்று கருதுவதில்லை. அவர்களுக்காகவே உலை வைக்கப்படுகின்றது.

இதனை ஒரு விருந்திற்கு எவ்வாறு பொருத்துவது? நாம் எண்ணிப் பார்த்தது வருமாறு. வருவோரின் தொகையை முதலில் அறிதல் வேண்டும். வெட்கப்படாது கேட்டுவிடுதல் நன்று. அழைப்பிதழில் ஒரு சீட்டை இணைக்கலாம். இளைஞர்கள் வாட்ஸ்அப்பில் ஒரு குழுவை அமைத்து இரண்டே நாளில் எண்ணிக் கொடுக்கின்றனர். இதனை எம்முடைய பேரனிடமிருந்து அறிந்தோம். அடுத்து, சோற்றையாவது நிகழ்விடத்திலேயே ஆக்குதல் வேண்டும். ஒப்பந்தகாரர் கறிகளைக் கொண்டுவரட்டும். உலை மாத்திரம் கல்லூரி விடுதியிலே, இரண்டு மூன்று தவணையாக ஏறட்டும். ஒப்பந்தகாரர்களை நாம் குறைகூறவில்லை. அவர்களிடம் தலைக்கணக்கு ஒன்றை எறிந்துவிட்டு வேறெதுவும் பேசாதவர்கள் நாமல்லவோ? தலைக்கணக்கைக் குறைத்துக் கொடுத்து, "குறைந்தால் பழி எமது" என்று எழுதிக் கொடுத்துவிடின் அவர்களும் அச்சமின்றிச் சமைப்பர்.

இவ்விரண்டிலும் முதன்மையானது, முதற் கிடாரத்தை வேறாக்குதல். 500 பேருக்கு விருந்தெனின் அதில் 50 பேரின் பங்கை, வடையும் பாயசமும் உட்பட, முதற் பந்தி இருக்குமுன்னரே எடுத்துச் சுடச்சுட அனுப்பிவிடலாம். எங்கே என்பது ஒரு வாரத்திற்கு முன்னரே நிச்சயிக்கப்பட்டிருத்தல் வேண்டும். இல்லங்களில் ஒரு நாட்குறிப்பு இருக்கின்றது. அந்தப் பொறுப்பாளர் அம்மையாரைப் பின்னொரு நாள் நேரிற் சென்று கண்டு மன்னிப்புக் கேட்டபோது அதனை எமக்குக் காட்டினார். தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, வெளிநாட்டிலுள்ளோர் விடுமுறையில் வரும் நாட்கள் ஆகியன பெயர்களால் நிரம்பி வழிந்தன. சில நாட்களில் ஒரே வேளைக்கு மூவர். இடையிடையே வெறுமையான பக்கங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கலியாணமில்லை, கலியாண மிச்சமுமில்லை, முதியோர் பசி மாத்திரம் வழக்கம்போல. கொடுப்போர் தம் நாளைப் பார்க்கின்றனர். உண்போரின் நாளைப் பார்ப்பாரில்லை. ஆதலின் விருந்து நாளன்றே கொடுக்கவேண்டுமென்ற கட்டாயமும் எமக்கில்லை. அந்த 50 பேரின் அரிசியையும் பருப்பையும் தேங்காயையும் வாங்கிக் கொடுத்து, வெறுமையான பக்கமொன்றில் நமது கல்லூரியின் பெயரை எழுதச் சொல்லினும் ஒக்கும்.

இத்தனையும் செய்தபின்னரும் சிறிது எஞ்சத்தான் செய்யும். அதற்கு ஒழுங்கு வேண்டும். மூடியபடி சூட்டில் இருந்த பாத்திரத்துச் சோறு மாத்திரமே கொடுக்கத் தக்கது. மேசையில் திறந்து வைத்ததும் இலையில் இட்டதும் ஆகா. பால்கறியை விலக்கிப் பொரியல், வடை, அப்பளம் போன்றவற்றைக் கொடுக்கலாம். சமைத்து நெடுநேரம் ஆகாதிருத்தல் வேண்டும். எத்தனை மணிக்குச் சமைத்ததென்று பாத்திரத்தில் எழுதி ஒட்டுதல் வேண்டும். பெறுவோர் வேண்டாமென்று சொல்ல உரிமையுடையர், நாம் முகஞ்சுளித்தலாகாது. எஞ்சிய சோற்றைச் சூட்டோடு பொலித்தீன் தாளிற் பொதியாகக் கட்டிவைத்தல் அதனைப் பழுதாக்குவதற்கு எளிய வழி. அத்தாள்கள் இந்நாட்டில் 2017ஆம் ஆண்டிலேயே தடைசெய்யப்பட்டமையும் நினைவிருக்கட்டும். மனிதருக்கு ஆகாதது மாட்டிற்கு. மாட்டிற்கும் ஆகாதது எருக்குழிக்கு. வாழையிலையில் உண்டோமாயின் இலையும் மாட்டிற்கே போகும்.

கடல் கடந்த கிளைச் சங்கத்தினருக்கும் ஒரு சொல். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் ஆண்டு விருந்துகளை விடுதி மண்டபங்களிற் சிறப்புறச் செய்கின்றீர்கள். அவற்றின் வருவாயிலேயே நமது விஞ்ஞான கூடத்திற்குக் கூரை வந்தது. அந்நாடுகளில் மிகையான உணவைப் பெற்றுப் பகிரும் அமைப்புகள் நெடுங்காலமாக இயங்குகின்றன. ரொறன்ரோவில் 'செக்கன்ட் ஹார்வெஸ்ட்' 1985இல் தொடங்கியது. ஒன்ராறியோ மாகாணத்தில் 1994ஆம் ஆண்டின் உணவு நன்கொடைச் சட்டம், நல்லெண்ணத்துடன் நல்ல உணவைக் கொடுத்தோரை வழக்கினின்றும் காக்கின்றது. ஆகவே அங்கே அச்சத்திற்கு இடமில்லை. ஒழுங்கு செய்ய ஒருவர் முன்வரின் போதும். இங்கே நமக்கு அத்தகைய சட்டத்தின் துணை இருப்பதாக எண்ணிக்கொள்ளாது, பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முன்கூட்டியே கலந்துகொள்ளுதல் அறிவுடைமை.

இக்கருத்தைச் செயற்குழுவில் முன்வைத்தபோது இரண்டு தடைகள் எழுந்தன. விருந்தினர் உண்ணுமுன் பிறருக்கு அனுப்புதல் விருந்தினரை அவமதிப்பதாகும் என்றார் ஒருவர். மாகேசுர பூசையில் அடியார்களை முதலில் அமுது செய்வித்தபின்னரே வீட்டார் உண்பதை அவர் அறியாதவரல்லர். அங்கே அவமானப்பட்ட வீட்டாரை நாம் கண்டதில்லை. மற்றவர், செலவு கூடுமே என்றார். கூடாது. சென்ற முறை மண்ணுக்கு இட்ட 200 பேரின் உணவிற்கும் பணம் செலுத்தியவர்கள் நாமே. 50 பேருக்கு எடுத்துவைத்து, மிகையைத் தவிர்த்தால் பணம் மிஞ்சும். மிஞ்சும் பணத்தை என்ன செய்வதென்று அவர் கேட்டார்; அது வேறொரு கூட்டத்திற்குரிய வாதம்.

யூபிலி விருந்திற்கு இம்முறையையே கைக்கொள்வதெனச் செயற்குழு ஒருவாறு இணங்கியிருக்கின்றது. விடுதிச் சமையற்காரரிடம் சென்று உலை பற்றிக் கேட்டோம். இருபத்தைந்து ஆண்டுகளாக மாணவருக்குச் சோறிடுபவர் அவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, செய்யலாம் என்றார். இரண்டு நிபந்தனைகள் மாத்திரம் விதித்தார். ஞாயிற்றுக்கிழமை விருந்திற்கு எத்தனை பேர் என்று வியாழக்கிழமை மாலைக்குள் அவருக்குச் சொல்லிவிட வேண்டும். பேச்சுகள் பன்னிரண்டு மணிக்கு முடிந்துவிட வேண்டும். முதலாவதற்கு நாம் பொறுப்பு. இரண்டாவதைப் பற்றிப் பேச்சாளர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கடிதம் எழுதியிருக்கின்றோம்; இதுவரை இருவரிடமிருந்தே பதில் வந்துள்ளது.